போனஸ் கிளெண்டா

வலது கட்டைவிரலைத் தேநீர்க் குவளையின் வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு கிளெண்டா இருபது வரை எண்ணுகிறாள். காலை ஆறு மணியிலிருந்து பனிக்கட்டியில் கிடக்கும் ஹாடக் மீனைத் தோலுரித்துக்கொண்டிருந்த விரல் அது. ரேகையெல்லாம் சுருங்கிப்போயிருக்கும். அப்படியே கொண்டுபோய் வைத்தால் செல்போன் ஆள் அடையாளம் தெரியாமல் கதவைச் சாத்திவிடும். இருபது எண்ணி, மேலங்கியில் துடைத்து, வைக்கிறாள். திறந்துகொள்கிறது.

"பாத்தியா, இன்னிக்கும் நான் நான்தான்" என்கிறாள், எதிரே உட்கார்ந்திருக்கும் மேண்டியிடம்.

இடைவேளை இருபது நிமிடம். அதில் ஒரு நிமிடம் விரலுக்குப் போயிற்று. மீதிப் பத்தொன்பது நிமிடத்தில் அவள் செய்கிற வேலையைக் இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி மீன் துறைமுகத்தில் வேறு ஒருத்தியும் செய்யமாட்டாள். ஒரு பிங்கோ தளத்தின் நிபந்தனைப் பக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படிக்கிறாள். மூக்குக்கண்ணாடி நுனிமூக்கில் நிற்க, உதடு அசைய, விரலை வரிக்கு வரி நகர்த்தி. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு மீன்பெட்டி தூக்க வந்தவள். செய்தித்தாளில் வானிலையைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். முப்பத்தெட்டுப் பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, வக்கீல் எழுதி வக்கீல் படிக்க வேண்டிய சரக்கு. ஒரு வார இடைவேளைகளில் அதைப் படித்து முடித்துவிட்டு, ரொட்டியைக் கடித்தபடியே சொல்கிறாள்: "இருபத்தி ரெண்டாவது விதியும் முப்பத்தி ஒண்ணாவது விதியும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுது. எழுதினவனுக்கே தெரியல பாவம்."

விஷயம் இதுதான். இணையத்தில் பிங்கோ என்னும் நம்பர்ச் சீட்டுச் சூதாட்டம் நடத்துகிறவர்கள் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆசை காட்டுவார்கள். பத்துப் பவுண்டு கட்டு, ஐம்பது பவுண்டுக்கு ஆடு என்பார்கள். வந்தவள் ஆடிப் பழகி, அங்கேயே கிடந்து, வாராவாரம் சம்பளத்தைக் கொட்டுவாள் என்பது அவர்கள் போடும் கணக்கு. அந்தக் கணக்கு அநேகமாகத் தப்புவதில்லை. கிளெண்டா போவாள். பத்தைக் கட்டுவாள். போனஸ் காசை வைத்து எத்தனை தடவை ஆடி உருட்டச் சொல்லியிருக்கிறார்களோ அத்தனை தடவை மட்டும் உருட்டுவாள். தேறியதை வங்கிக்கு மாற்றுவாள். தன் பெயரை நீக்கிவிட்டு வெளியே வந்துவிடுவாள். சில இடத்தில் ஒரு பென்னியும் தேறாது. சில இடத்தில் முப்பது, நாற்பது. பதினொரு வருஷத்தில் நூற்று நாற்பத்திரண்டு தளம். ஒன்றில்கூட அவள் ஒரு சீட்டு அதிகமாக ஆடியதில்லை.

ஒரே ஒரு முறை அறுநூற்றுப் பத்துப் பவுண்டு விழுந்தது. இதே மேஜையில்தான். பெண்கள் எல்லாரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்கள். திரையில் வாணம் வெடிக்கிறது, மணி அடிக்கிறது, 'அதிர்ஷ்டம் உங்கள் பக்கம், இன்னொரு சீட்டு?' என்று ஒரு பச்சைப் பொத்தான் குதிக்கிறது. "அடியேய், இன்னொண்ணு போடுடி!" என்று அத்தனை பேரும் கத்தினார்கள். கிளெண்டா தளத்தை மூடினாள். செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். ரொட்டியின் மறுபாதியைத் தின்றாள். அன்றைக்கு அத்தனை பேரும் அவளைச் சாமியாரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போய்ப் பூட்ஸை மாட்டிக்கொண்டார்கள்.

அவள் வீட்டில் பொருள்களுக்கு, வாங்கக் காசு கொடுத்த தளத்தின் பெயர்கள்தான். குளிர்பெட்டி 'ஊதா நிலா'. ஸ்கெக்னெஸ் கடற்கரையில் ஒரு வாரம் கேரவன் வண்டியில் தங்கியது 'லக்கி லாடம்'. புருஷன் டெரிக்கின் முன்பல் வரிசையை வாங்கிக்கொடுத்தது 'தேனீ பிங்கோ'. கோபம் வந்தால், "தேனீயைக் கழட்டி டம்ளர்ல போட்டுட்டுப் பேசு" என்பாள்.

இத்தனைக்கும் அவளுக்கு பிங்கோ பிடிக்காது. இதைக் கேட்டு நம்பாதவர்கள் உண்டு. நம்பர் விழ விழ மற்றவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். எண்பத்தெட்டு என்றால் 'ரெண்டு குண்டம்மா' என்பார்கள், பதினொன்றுக்கு 'நெட்டைக் காலு' என்று விசில் அடிப்பார்கள். கிளெண்டா அந்த நேரத்தில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருப்பாள். "மழை பேஞ்சு ஜன்னல்ல வழியறதைப் பாக்கலாம், அதுல கொஞ்சம் சுவாரசியம் இருக்கு" என்பாள். அவளுக்கு ருசியெல்லாம் விதியில்தான். எவன் எங்கே ஒளித்துவைத்திருக்கிறான், எந்த வரியில் காலை வாருவான், அதைக் கண்டுபிடிப்பதில்தான்.

அவள் கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே முதலாளி இருபது பெயரில் இருபது தளம் நடத்துவான். அவையெல்லாம் அக்கா தங்கச்சிகள். ஒருத்தியிடம் போனஸ் வாங்கியவள் இன்னொருத்தியிடம் வாங்கினால், ஜெயித்த காசை மொத்தமாகப் பிடித்துக்கொள்வார்கள். இது தெரியாமல் போய் அழுதவர்கள் ஏராளம். கிளெண்டா ஒரு தளத்தைத் திறந்து, பந்தின் நிறம், மணியின் சத்தம், அடியில் பொடி எழுத்தில் இருக்கும் உரிம எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டம் விடுவாள். "இது ஆரஞ்சுக்காரியோட மூணாவது தங்கச்சி. முகத்துல பவுடர் அப்பியிருக்கா, மூக்கை மாத்த முடியல பாரு." பெண் பார்க்க வந்தவர்கள் கோத்திரம் விசாரிப்பதுபோல் விசாரித்துவிடுவாள். தப்பியதே கிடையாது. பொதி கட்டும் பிரிவில் இருப்பவர்கள்கூடச் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "கிளெண்டா, இவ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் சேருவார்கள்.

பொய் சொல்லமாட்டாள் என்பது இன்னொன்று. வீட்டுக்கு ஒருவர் என்று விதி இருந்தால் டெரிக்கின் பெயரைத் தொடமாட்டாள். கிர்ஸ்டி என்று ஒருத்தி, தன் நாயின் பெயரில் சேர்ந்து பார்த்தாள். நாய்க்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்தது. பிறகு, முகத்துக்குப் பக்கத்தில் அடையாள அட்டையைப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கடிதமும் வந்தது. கிர்ஸ்டி இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். "அவங்க எழுதின விதியிலேயே அவங்கள ஜெயிக்கணும், அதுல என்னடி பொய்?" என்பது கிளெண்டாவின் கட்சி.

டெரிக் அவளுக்கு வைத்த பெயர் நண்டு. முழங்கால் போய் வீட்டோடு இருக்கிறவர், நல்ல வெயில் அடித்தால் கிளீதோர்ப்ஸ் கரையில் தூண்டில் போடுவார். மீன் கடிக்கும் முன்னே நண்டு வந்து புழுவை மட்டும் சுத்தமாக உருவிக்கொண்டு போய்விடும். முள்ளை இழுத்துப் பார்த்தால் பளபளவென்று கழுவி வைத்ததுபோல் இருக்கும். "இதப் பாரு, உன் சொந்தக்காரன் வந்துட்டுப் போயிருக்கான்" என்று வீட்டுக்கு வந்து முள்ளைக் காட்டுவார்.

தளத்துக்காரர்களும் சும்மா இருப்பதில்லை. ஆள் போய்விட்டால் கூப்பிட்டுக் கொஞ்சுவதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது ஆலிவர் என்று ஒருவன் கூப்பிட்டான்.

"கிளெண்டா மேடம், உங்களைக் காணாம எங்களுக்கு ஒண்ணுமே ஓடல."

"என்னப் பாத்ததே இல்லயே கண்ணு. அப்புறம் எங்க காணாமப் போனேன்?"

"உங்களுக்குன்னே இருபத்தஞ்சு பவுண்டு எடுத்து வெச்சிருக்கேன் மேடம்."

"எத்தனை தடவை உருட்டணும்?"

"அது… பாத்துச் சொல்றேன்."

"பாக்க வேணாம். பதினேழாவது விதி, மூணாம் பத்தி. ஆறு தடவை, ஏழு நாளுக்குள்ள, அதுவும் செவ்வாக்கிழமை ஆட்ட அறையில மட்டும். பத்து பவுண்டுகூடத் தேறாது. வேலைக்குச் சேந்து எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு வாரம் மேடம்."

"உக்காந்து படி. நாளைக்கு என்ன மாதிரி இன்னொருத்தி கேப்பா. மத்தியானம் சாப்ட்டியா?"

சாப்பிடவில்லை என்றான். முதலில் போய்ச் சாப்பிடு என்று சொல்லிவிட்டு மறுபடி துணியை உதற ஆரம்பித்தாள்.

மேண்டியிடம் வருவோம். வெட்டுமேஜையில் ஒன்பது வருஷமாக கிளெண்டாவுக்கு நேர் எதிரே நிற்பவள். புருஷன் தரைவிரிப்புக் கடைக்காரியோடு டான்காஸ்டர் போய்விட்ட வருஷம், மேண்டி பேசுவதையே நிறுத்தியிருந்தாள். அப்போது ஒரு தளத்தில் ஒரு சலுகை வந்தது. தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தால் இருவருக்கும் ஆளுக்கு இருபது பவுண்டு. கிளெண்டா அந்த விதியைப் பதினொரு தடவை படித்தாள். ஓட்டை இல்லை, ஒளிப்பு இல்லை, பால்போல் இருந்தது. மேண்டியைச் சேர்த்துவிட்டாள். கிடைத்த இருபதில் இரண்டு பேரும் சீனாக்காரன் கடையில் நூடுல்ஸ் தின்றார்கள். மீன் வெட்டுகிறவர்கள் மீனா தின்பார்கள்? மேண்டி அன்றைக்குச் சிரித்தாள். நல்ல காரியம் செய்தோம் என்று கிளெண்டா பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனாள்.

போனஸ் தீர்ந்ததும் கிளெண்டா வெளியே வந்தாள். மேண்டி வரவில்லை. அதை கிளெண்டா கவனிக்கவில்லை. ஆட்டம் ருசிக்காதவளுக்கு, அது இன்னொருத்திக்கு ருசிக்கும் என்று எப்படித் தோன்றும்?

தோன்ற ஒரு வருஷம் ஆயிற்று. மேண்டி காரை விட்டுவிட்டு மூன்று மைல் மழையில் நடந்து வந்தாள். உடம்புக்கு நல்லதாம். ரொட்டிக்கு நடுவில் வெறும் தக்காளி சாஸ் தடவிக்கொண்டு வந்தாள். வயிறு சரியில்லையாம். உணவறைச் சர்க்கரைப் பொட்டலத்தைப் பைக்குள் போட்டாள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மேண்டி கைகழுவப் போனபோது மேஜைமேல் இருந்த அவள் செல்போன் தானாக விழித்துக்கொண்டது. 'மேண்டி, உங்கள் அறை உங்களுக்காகக் காத்திருக்கிறது.' பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தங்கக் கிரீடம்.

கிளெண்டா குவளையைக் கீழே வைத்தாள். அந்தக் கிரீடம் யாருக்குக் கொடுப்பார்கள் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் கிடையாது. பதினொரு வருஷத்தில் அவளுக்கு ஒரு பித்தளைக் கிரீடம்கூட வந்ததில்லை. எடுத்துக்கொண்டு போகிறவளுக்கு எதற்கு மகுடம்? கொட்டுகிறவளுக்குத்தான்.

ஞாயிறு மத்தியானம் டெரிக்குக்குச் சோற்றை வைத்துவிட்டு மேண்டியின் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். சமையலறையில் துணிதுவைக்கும் எந்திரம் இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாகப் புதிதாக இருந்தது. ஜன்னல்கட்டையில் வீட்டுச் சொந்தக்காரரின் கடிதங்கள் நாலைந்து, பிரிக்கப்படாமல்.

"எத்தனை மாச வாடகை பாக்கிடி?" என்றாள் கிளெண்டா.

"மூணு. இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டான்னு நெனைக்கறேன். பிரிச்சுப் பாக்கல."

கிளெண்டா பிரித்துப் பார்த்தாள். வழக்கம்போல் கடைசிப் புள்ளி வரை படித்தாள். "காலி பண்ணச் சொல்லல. பதினாலு நாளுக்குள்ள வந்து பேசினா தவணை போட்டுத் தரேங்கறான். ஆனா இனிமே ஒரு தவணை தப்பினாலும் வெளிய. செவ்வாக்கிழமை நானும் வரேன், பேசுவோம். அதுக்கு முன்னாடி நீ அந்த பிங்கோவிலேருந்து வெளிய வரணும்."

"வந்துடறேன். நாளையிலேருந்து."

"எத்தனாவது நாளை இது?"

மேண்டிக்குக் கோபம் வந்தது. "உனக்கென்னடி தெரியும்? நீ போறே, தின்னுட்டுக் கைய கழுவிட்டு வந்துடறே. அங்க நான் உள்ள நுழைஞ்சா நாப்பது பேரு 'வா மேண்டி, இன்னிக்கு எப்பிடி இருக்கே'ன்னு எழுதறாங்க. இந்த ஊர்ல என்னை யாரு கேக்கறா?"

"நான் கேக்கறேனே, தினம் காலைல."

"கேக்கறே. பதில் வர்றதுக்குள்ள அடுத்த மீனை எடுத்துடறே."

கிளெண்டா பிரித்த கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். பிறகு, "அந்த இருபது பவுண்டுக்கு உன்னை நான்தான் கூட்டிட்டுப் போனேன்" என்றாள்.

"போடி. நான் என்ன கைக்குழந்தையா?"

நாடு முழுக்கப் பொதுவாக ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் நம் பெயரை நாமே எழுதிக்கொண்டால், உரிமம் வாங்கிய எந்தத் தளமும் நம்மை உள்ளே விடாது. ஆறு மாதம், ஒரு வருஷம், ஐந்து வருஷம் என்று மூன்று கெடு. நடுவில் அழுது புரண்டாலும் பெயரை எடுக்கமாட்டார்கள். கிளெண்டா அந்தப் பக்கத்தைத் திறந்து மேண்டியின் முன்னால் வைத்தாள்.

மேண்டி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பாக இல்லை அது. "நான் மட்டும் வாசக் கதவுல நின்னு பூட்டிக்கணும். நீ பாட்டுக்குத் திங்கக்கிழமை உன் புதுக்காரிகிட்டப் போவே. போயிட்டு வந்து ரொட்டியக் கடிச்சுக்கிட்டே என்கிட்டக் கதை சொல்லுவே. நான் எதிர்ல நின்னு கேட்டுக்கிட்டு மீனை வெட்டணும். முடியாதுடி. நீ எழுது, நான் எழுதறேன்."

புதுக்காரி என்று அவள் சொன்னது சும்மா இல்லை. திங்கட்கிழமை காலை ஒரு தளம் திறக்கிறார்கள். யாருக்கும் அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை, முதலாளியே ஊருக்குப் புதுசு. இப்போதெல்லாம் அப்படி வருஷத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. மூன்று வாரமாக கிளெண்டா அவர்கள் விதிப் பக்கத்தைக் கரைத்துக் குடித்துவைத்திருந்தாள். டெரிக்குக்கு எழுந்திருக்க உதவும் நாற்காலி ஒன்றைக் கடையில் போய்ப் பார்த்துத் தடவிவிட்டும் வந்திருந்தாள்.

அவள் அதையெல்லாம் அந்தச் சமையலறையில் சொல்லவில்லை. கெட்டில் கொதித்து அடங்கியது. யாரும் எழுந்து தேநீர் போடவில்லை. ஐம்பத்தெட்டு வயது அவளுக்கு. ஐந்து வருஷம் என்றால் அறுபத்து மூன்று. அந்தப் பத்தொன்பது நிமிடத்துக்கு, தினமும், இனி என்ன செய்வது? மீனைத் தவிர அவளுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். அதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. அது தெரிந்த ஊரும் இந்த ஒரு துறைமுகம்தான்.

செல்போனைத் தன் பக்கம் திருப்பினாள். பெயர் எழுதினாள். கல்யாணத்துக்கு முந்திய பெயரையும் கேட்டார்கள், அதையும் எழுதினாள். பிறந்த தேதி, வீட்டு விலாசம், பழைய விலாசம். எத்தனை காலத்துக்கு என்று கேட்ட இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. ஐந்து வருஷத்தைத் தொட்டாள். 'உறுதியாகத்தானா?' என்று ஒருமுறை கேட்டது. மறுபடியும் தொட்டாள்.

மேண்டி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "ஏய், லூசு! நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்டி! அதை எடு, எடுத்துத் தொலை!"

"எடுக்க முடியாது. நாலாவது விதி" என்றாள் கிளெண்டா. இன்னொரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து, செல்போனை மேஜைமேல் மெதுவாக மேண்டியிடம் தள்ளினாள். "உன் முறை."

மேண்டி செல்போனை எடுத்தாள். தூர வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள். "எழுத்தே தெரியலடி. கண்ணாடி மாடில இருக்கு. போய் எடுத்துட்டு வந்துடறேன்." கண் மாடிப்படிப் பக்கம் போயிற்று.

கிளெண்டா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். சட்டை நுனியில் இரண்டு பக்கமும் துடைத்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அதை மேண்டியின் மூக்கில் பொருத்தி, நரைமுடியை ஒதுக்கி, முதலில் ஒரு காதுக்குப் பின்னால், பிறகு மறு காதுக்குப் பின்னால், இறுக்கிச் செருகிவிட்டாள்.